பாட்டு முடிந்த பிறகு வரும் வளையம்

முதல் நாள்

காலை ரயிலில் ஏறியபோது தோள்பையில் நான்கே பொருட்கள் இருந்தன: ஒரு சிறு கைவிளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், கார்பன் இழைத் தூரிகை, வாங்க வேண்டிய இசைத்தட்டுகளை எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு. ஆறு நாட்களில் மூன்று ஊர்கள். இடையில் ஒரு ரெக்கார்டு சந்தை, ஒரு கடை, விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு வீட்டுச் சேகரிப்பு, பிறகு நண்பர் ஒருவரின் நல்ல ஒலிபெருக்கிகள்.

பட்டியலில் பதினோரு பெயர்கள் இருந்தாலும் இரண்டு முறை அடிக்கோடிட்டது ஒன்றுதான். பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’, இங்கிலாந்தில் அச்சான மோனோ பதிப்பு, இரண்டாம் பக்கத்தில் 606-1 என்ற எண்ணோடு. 1966 ஆகஸ்ட் 5 அன்று வெளிவந்த இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் பல கலவைகள், அதாவது பதிவான ஒலிகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்த வடிவங்கள், செய்யப்பட்டிருந்தன. பதினோராவது கலவையை அனுப்பிய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், அச்சு தொடங்கும் வேளையில் மனம் மாறி எட்டாவதைப் போடச் சொன்னார். அதற்குள் கொஞ்சம் தட்டுகள் இயந்திரத்தை விட்டு வெளியே வந்துவிட்டன. உறையைப் பார்த்து அவற்றை அடையாளம் காண முடியாது. பாட்டு முடிந்த பிறகு ஊசி சுற்றிச் சுற்றி வரும் வெற்று வளையத்தில், சேகரிப்பாளர்கள் டெட் வேக்ஸ் என்று சொல்லும் அந்த விரல் அகலப் பட்டையில், எக்ஸ்.இ.எக்ஸ். 606 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 1 இருக்கிறதா, 2 இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பதினேழு ஆண்டுகளாக எத்தனையோ பிரதிகளைச் சாய்த்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் 2 அல்லது 3.

இன்று பயணம் மட்டுமே. நாளை சந்தை.

இரண்டாம் நாள்

சந்தை நடக்கும் கூடத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. முதல் ஒரு மணி நேரம் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அட்டை உறைகளை விரல்கள் தள்ளும் ஓசை மட்டும், மழை பெய்வதுபோல, கூடம் முழுக்க ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வணிகத்தின் சொற்கள் வேடிக்கையாக இருக்கும். ‘குட்’ என்று ஒட்டியிருந்தால் அந்தத் தட்டு நன்றாக இல்லை என்று பொருள். கீறலும் கரகரப்பும் இருக்கும், ஆனால் ஊசி குதிக்காமல் கடைசி வரை ஓடும், அவ்வளவே. அதற்கு மேலே ‘வெரி குட்’, அதற்கும் மேலே ‘வெரி குட் பிளஸ்’, பிறகு ‘நியர் மின்ட்’. ‘மின்ட்’ என்பது எவர் கையும் படாத தட்டுக்கு உரியது என்பதால், அதை எழுதத் தயங்காத விற்பனையாளரின் மேசையை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். பெரும்பாலோர் இந்தத் தரத்தைக் கண்ணால் பார்த்தே போடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆயிரம் தட்டுகளையும் ஓட்டிப் பார்க்க யாருக்கும் ஆயுள் போதாது. ஆனால் கண்ணால் பார்த்தது என்று சொல்லிவிட வேண்டும்.

மூலையில் இருந்த மேசைக்காரர் தாம் ஓட்டிக் கேட்டதையே சொன்னார். அறுபது வயதைத் தாண்டியவர். வணக்கத்துக்குக்கூடத் தலையை நிமிர்த்தவில்லை. அவர் பெட்டியில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இருந்தது. கொலம்பியா நிறுவனத்தின் பழைய லேபிள், விளிம்பில் ஆறு கண்கள் பதித்தது, 1962-க்குப் பிறகு வராதது. உறையின் மூலையில் ‘வெரி குட்’ என்று மட்டும் பென்சிலில் எழுதியிருந்தார். தட்டை வெளியே எடுத்து விளக்கில் காட்டினேன். எனக்கு அதைவிட ஒரு படி மேலாகத் தோன்றியது. ஏன் இவ்வளவு குறைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் பன்னிரண்டு முறை ‘டிக்’ என்று அடிக்கும், அதன் பிறகு ஒன்றுமில்லை, பிடிக்காவிட்டால் அந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார். வேறொரு வார்த்தை இல்லை. மனிதர் முரடர் என்று நினைத்துக்கொண்டே வாங்கினேன்.

இந்த ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் 1959 மார்ச் 2 அன்று பதிவானவை. அன்று முதன்மைப் பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஒலிக்கும்போது அந்தப் பக்கம் முழுவதும் சுருதி ஒரு நூல் ஏறிக் கேட்கும். கூடவே வாசித்துப் பழக முயன்ற இசைக்கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தைச் சந்தேகப்பட்டார்கள். 1992-இல் தான், காப்புக்காக ஓடிய இன்னொரு கருவியின் நாடாவிலிருந்து சரியான வேகம் கிடைத்தது. திருத்தியதே நேர்மையான பதிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனாலும் தவறான வேகத்தில் கேட்டே வளர்ந்த காதுக்குத் திருத்திய பதிப்பு ஏதோ தூக்கக் கலக்கத்தில் வாசித்ததுபோல இருக்கிறது. இந்த விஷயத்தில் என் காதை நான் திருத்தப் போவதில்லை.

‘ரிவால்வர்’ மோனோ சந்தையில் ஐந்து பார்த்தேன். நான்கு 606-2, ஒன்று 606-3.

மூன்றாம் நாள்

முழுவதும் மழை. தட்டுகளை இரண்டு பாலிதீன் உறைகளில் சுற்றிக்கொண்டு ஒரே கடைக்குத்தான் போக முடிந்தது. கடைக்காரர் நேற்றைய மனிதருக்கு நேர் எதிர்: நாற்காலி போட்டார், ஒவ்வொரு தட்டையும் இரு கைகளால், விளிம்பில் மட்டும் விரல் படும்படி எடுத்துக் காட்டினார், ஆல்பங்களைப் பற்றி அழகாகப் பேசினார். அங்கே லெட் ஸெப்பலின் குழுவின் இரண்டாம் ஆல்பம் கிடைத்தது. 1969-இன் முதல் வெட்டு, அதாவது அச்சுக்கான மூலத் தட்டில் ஒலியை முதல் முறை பள்ளமாகச் செதுக்கியது, இரு பக்க வளையங்களிலும் ‘ஆர்.எல்.’ என்ற கையெழுத்துச் சுருக்கம், அதாவது ராபர்ட் லட்விக் வெட்டியது. அவர் இதை மிக உரக்க, அடித்தள ஒலி பொங்கும்படி வெட்டினார். அட்லாண்டிக் ரெக்கார்டு நிறுவனத் தலைவர் அஹ்மத் எர்ட்டெகுனின் மகள் வைத்திருந்த சாதாரணக் கருவியில் ஊசி குதித்ததால், ஒலியை அடக்கி மறுபடி வெட்டச் செய்தார்கள் என்பது லட்விக் பேட்டிகளில் சொல்லியிருக்கும் கதை. முதல் வெட்டைக் கேட்டவர்கள் மற்றதைக் கேட்க மாட்டார்கள்.

‘நியர் மின்ட்’ என்றார் கடைக்காரர். தட்டு கண்ணாடிபோல மின்னியது. ஓட்டிப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள்

இன்றைய குறிப்பு நீளமாக இருக்கும்.

வீட்டுச் சேகரிப்பு என்றாலே எனக்குக் கொஞ்சம் அச்சம் உண்டு. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கியிருப்பார்கள். அடியில் இருப்பவை மேலிருப்பவற்றின் பாரத்தில் நெளிந்திருக்கும். அல்லது பி.வி.சி. உள்ளுறைகளில் வைத்திருப்பார்கள், ஆண்டுக்கணக்கில் அந்தப் பிளாஸ்டிக் தட்டோடு வினைபுரிந்து, எந்தத் துடைப்புக்கும் போகாத ஒரு மூட்டத்தைப் பரப்பியிருக்கும். இந்த வீட்டில் இரண்டுமே இல்லை. ஏறத்தாழ எழுநூறு தட்டுகள், அனைத்தும் செங்குத்தாக, இறுக்கமும் தளர்வும் இல்லாமல், காகித உள்ளுறைகளில். அலமாரிக்கு மேலே ஒரு நீளமான கணக்குப் புத்தகம் இருந்தது. பிரித்தேன்: ஒவ்வொரு முறை ஊசியை மாற்றியபோதும் தேதியும், அதுவரை அந்த ஊசி எத்தனை பக்கங்கள் ஓடியது என்ற எண்ணும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தேதிகூட விடுபடவில்லை. தட்டைக் கெடுப்பது தூசி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தேய்ந்து உளிபோலக் கூரான ஊசி ஒரே ஒரு முறை ஓடினால் செய்யும் சேதத்தை எந்தத் தூசியும் செய்வதில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவரை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது.

அவர் காலமாகிவிட்டார். விற்பவர் அவருடைய அக்கா, எண்பதை நெருங்கும் அம்மையார். தம்பியின் பொருளைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றும், எல்லாத் தட்டுக்கும் ஒரே விலை என்றும், வேண்டியதை எடுத்து மேசையில் வைத்தால் எண்ணிச் சொல்வதாகவும் கூறிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

மூன்றாம் அடுக்கில் ‘ரிவால்வர்’ இருந்தது. முன்புறம் மட்டும் பளபளப்பு ஒட்டிய, பின்புறம் ஓரங்களை மடித்து ஒட்டிய பழைய இங்கிலாந்து உறை. கறுப்பும் மஞ்சளுமான பார்லஃபோன் லேபிள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, கைவிளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, தட்டை மெல்லச் சுழற்றினேன். லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒரு வெள்ளிக் கோடாக நகர்ந்தது. அதற்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எக்ஸ். இ. எக்ஸ். 606. ஒரு சிறு கோடு. 1.

லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தேன். பார்லஃபோனை நடத்திய ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் தட்டுகளில் அந்த எண் ஆறு மணித் திசையில் இருக்கும். ஒன்பது மணித் திசையில் ‘தாய்’ எனப்படும் நிக்கல் தகட்டின் எண். மூன்று மணித் திசையில் அந்தத் தாயிலிருந்து எடுத்த அச்சுத் தகடு எத்தனையாவது என்பது எழுத்தில் இருக்கும். கிராமபோன் நிறுவனத்தின் பெயரிலிருந்தே பத்து எழுத்துகளை எடுத்து எண்களாக்கியிருந்தார்கள்: ஜி ஒன்று, ஆர் இரண்டு, ஏ மூன்று, எம் நான்கு என்று போய், டி பூச்சியத்தில் முடியும். இதில் ஜி.டி. என்று இருந்தது, பத்தாவது தகடு. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தட்டில் மெல்லிய கீறல்கள் இருந்தன, விரல் நகத்தில் தட்டாத அளவு. ‘வெரி குட் பிளஸ்’ என்று நான் எழுதுவேன்.

அதை மற்ற எட்டுத் தட்டுகளுக்கு நடுவே, மேலிருந்து ஐந்தாவதாகச் செருகி மேசையில் வைத்தேன். அம்மையார் வந்து விரலால் தொட்டு எண்ணினார், ஒன்பது என்றார், ஒன்பதுக்கான பணத்தை வாங்கிக்கொண்டார். பதினேழு ஆண்டுத் தேடல் முடிந்தது. இதை எழுதும்போது அந்தத் தட்டு என் மடியில் இருக்கிறது.

ஐந்தாம் நாள்

நண்பரின் வீட்டில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதலில் எல்லாவற்றையும் கழுவினோம்: வடிநீர், அதில் சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பள்ளத்தின் போக்கிலேயே நகரும் மென்மையான தூரிகை. வினைல் தட்டுக்கு இது பொருந்தும். அரக்கால் செய்த பழைய 78 சுற்றுத் தட்டில் ஆல்கஹால் ஒரு துளி பட்டாலும் தட்டே கரையும் என்பதை நண்பர் ஒரு முறை தம் கையாலேயே கற்றுக்கொண்டவர். இன்றும் அதைச் சொல்லும்போது முகம் மாறுகிறது.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இரண்டாம் பக்கம்: ஊசி இறங்கியதும் டிக். ஒரு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, அந்த இடைவெளியில் கடிகாரம்போல அடித்து, பிறகு நின்றது. நான் எண்ணியது பதினொன்று. அந்த மனிதர் ஒன்று கூட்டியே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தட்டு அத்தனை அமைதியாக இருந்தது, டிரம்மின் மீது கம்பித் தூரிகை உரசும் நுண்ணொலி அறையின் பின்சுவர் வரை கேட்டது. அவரை முரடர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

லெட் ஸெப்பலின் வேறு கதை. முதல் பக்கத்தின் முதல் நிமிடம் அற்புதமாக இருந்தது. பாட்டு உரக்க எழுந்த இடங்களில் குரலின் ஓரம் கிழிந்தது; பக்கத்தின் முடிவை நெருங்க நெருங்க, ‘ச’ ஒலிகள் எல்லாம் எச்சில் தெறிப்பதுபோலச் சிதறின. தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்கடியில் விநாடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. ஓடுகிறது, உள் விளிம்புக்கு வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. அதே ஒலியலையைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கிப் பதிக்க வேண்டியிருப்பதால் தேய்மானம் முதலில் காதில் விழுவது அங்கேதான். இந்த வெட்டின் உரப்பே அதற்கு எமன். அந்தக் காலத்துப் பாரமான ஊசிகள் இதன் அலைகளின் வளைவில் திரும்ப முடியாமல் சுவரைச் சீவிக்கொண்டே போயிருக்கின்றன. மேற்பரப்பில் ஒரு கீறலும் இல்லை. பள்ளத்தின் உள்ளே சுவரே போய்விட்டது. கண் பார்த்த தரத்தைக் காது ஒப்புக்கொள்ளவில்லை.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவர் பார்த்ததைச் சொன்னார். ஓட்டியதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அப்படி ஒரு வெட்டில் இந்தக் குறை வருவது வழக்கம் என்பது, அத்தனை அழகாகப் பேசத் தெரிந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான் என்று நண்பரிடம் சற்று உரக்கவே புலம்பினேன்.

நண்பர் ‘ரிவால்வர்’ தட்டை எடுத்துத் திருப்பினார். இதை விற்ற அம்மையாருக்கு இது என்னவென்று தெரியுமா என்று கேட்டார். பழிக்கும் தொனியே இல்லை. உள்ளுறையை மாற்றிக்கொண்டே கேட்டார்.

விற்பவரும் தொழில்காரராக இருக்கும்போது, அவர் கவனிக்காததை நான் கண்டுபிடித்தால் அது என் உழைப்பு என்று இத்தனை ஆண்டுகளாக வாதாடியிருக்கிறேன், இன்னும் வாதாடுவேன். சந்தை மேசைக்குப் பின்னால் இருப்பவரிடமும் என்னிடமும் ஒரே லென்ஸ்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாவதாகச் செருகினேன் என்று நேற்று எழுதியிருக்கிறேனே, அதை ஏன் செய்தேன் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. மேலே வைத்திருந்தால் அவர் கண்ணில் படும், ஏதாவது கேட்பார் என்றுதானே?

மாலையில் அதை மட்டும் நாங்கள் ஓட்டவில்லை. ரயிலை ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

ஆறாம் நாள்

கதவைத் திறந்த அம்மையார், தட்டு கெட்டுப்போயிருந்ததா என்றுதான் முதலில் கேட்டார். உள்ளே போய் உட்கார்ந்து, அச்சு தொடங்கும் வேளையிலேயே மாற்றப்பட்ட கலவை, ஒன்று என்ற எண், சேகரிப்பாளர்கள் இதற்குக் கொடுக்கக்கூடிய தொகை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தொகைக்கும் நான் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அல்லது நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தட்டை வைத்துக்கொள்ளலாம் என்றேன். நேற்று முன்தினமே இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, அப்படி என்னதான் வேறுபாடு, போட்டுக் காட்டுங்கள் என்றார்.

தம்பியின் டர்ன்டேபிள் இன்னும் மின்இணைப்பில் இருந்தது. கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியில் புது ஊசி என்று இருந்ததால் தயங்காமல் ஊசியை இறக்கினேன். கடைசிப் பாட்டு. ஒரே சுருதியில் நிலைத்து நிற்கும் தம்புரா, உருண்டுகொண்டே இருக்கும் டிரம், அவற்றின் மேல் வளையங்களாக ஓடும் நாடாக்களின் பறவைக் கூச்சல்போன்ற ஒலிகள். எல்லோரும் அறிந்த பதிப்பில் அந்த ஒலிகள் வந்து போகும் இடங்களை நான் மனப்பாடமாக அறிவேன். இங்கே அவை வேறு இடங்களில் எழுந்து வேறு விதமாக அடங்கின. முடிவில் ஒலி மங்கும்போது பியானோ கொஞ்சம் கூடுதல் நேரம் காதில் நின்றது. இவ்வளவுதான் இந்த 1. பதினேழு ஆண்டுகள் தேடியது இந்தச் சில விநாடிகளை என்று சொல்ல எனக்கே சற்றுக் கூச்சமாக இருந்தது.

அம்மையார் கண்களை மூடிக் கேட்டார். எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை என்றார். பிறகு, இந்தச் சத்தத்தை இந்த வீட்டில் நிறையக் கேட்டிருக்கிறேன், கதவைச் சாத்தச் சொல்லித் திட்டியிருக்கிறேன் என்றார். வளையத்தில் இருக்கும் எண்ணைத் தமக்குக் காட்டச் சொன்னார். கைவிளக்கைத் தாழ்த்தி, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுப் படித்தார்.

தட்டை அவரே வைத்துக்கொண்டார். ஒரு தட்டுக்கான பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். உறைக்குள் அதைத் திருப்பிச் செருகும்போது, மூலை மடங்கிவிடக் கூடாதே என்று கடைசியாக ஒரு முறை விரலால் நீவிக் கொடுத்தேன்.

இரவு ரயிலில் எழுதுகிறேன். பையில் எட்டுத் தட்டுகளும், சந்தையில் வாங்கிய மைல்ஸ் டேவிஸும், சுவர் தேய்ந்த லெட் ஸெப்பலினும் இருக்கின்றன. அந்தக் கடைசித் தட்டை யாருக்காவது கொடுத்தால் பள்ளத்தின் குறையை உறையிலேயே எழுதிக் கொடுப்பேன். பட்டியலில் இரண்டு கோடுகள் அப்படியே இருக்கின்றன. கிளம்பும்போது அம்மையார், மாடி அறையில் இன்னும் திறக்காத நான்கு பெட்டிகள் இருப்பதாகவும், வாங்க வருகிறவர்களிடம் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முதலில் தமக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் வந்து உதவ முடியுமா என்று கேட்டார். லென்ஸை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படியும் சொல்லிவிட்டார்.